ஊற ஊறத் திக்காகுமா?

பிரெஞ்சு பிரஸ்ஸில் முதன்முதலாகக் காபி போட்டுப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் எழும் குறை ஒன்றுதான்: "வாசனை நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணியாக இருக்கிறது." பில்டரில் இறங்கிய கள்ளிச்சொட்டு டிகாஷனுக்குப் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும். உடனே ஒரு வைத்தியம் தோன்றும். நான்கு நிமிடம் ஊற வைக்கச் சொல்லியிருந்தால் எட்டு நிமிடம் வைத்துப் பார்ப்பது. அதுவும் போதவில்லையா, கால் மணி நேரம். ஊற ஊறத்தானே சாறு இறங்கும்?

கால் மணி நேரம் கழித்துக் கிடைப்பது ஆறிப்போன காபி. திக்கான காபி கிடைப்பதில்லை. அடுத்த வைத்தியம், தண்டை இன்னும் ஓங்கி அமுக்குவது. அதில் கலங்கல் கூடுகிறதே தவிர வேறு பலன் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். பொடி முழுக்க நீரில் முங்கியிருக்கிறது. நீரும் சூடாக இருக்கிறது. சக்கையில் இன்னும் சாறு மிச்சமிருக்கிறது என்பதற்குச் சாட்சியும் உண்டு: அதே சக்கையில் புதிதாகக் கொதிநீர் ஊற்றினால் மறுபடியும் நிறம் இறங்குகிறது. உள்ளே இருப்பது முதல் நீரிலேயே முழுவதும் வந்துவிடாமல் ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், இந்தக் கருவியில் நல்ல காபி போட எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

ஒரு ஜாடி, ஒரு சல்லடை

கருவி மிக எளியது. கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ ஒரு ஜாடி. மூடியின் நடுவே ஒரு தண்டு. தண்டின் அடியில், ஜாடியின் உட்சுவரைத் தொட்டபடி இறங்கும் வட்டச் சல்லடை. பொடியைப் போட்டுக் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்துத் தண்டை அமுக்கினால் சக்கை அடியில் அடைபட்டுவிடும். மேலே நிற்கும் காபியைக் கோப்பையில் ஊற்றிக்கொள்ளலாம்.

1852இல் பிரான்சில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நாம் காணும் வடிவத்தை நோக்கிய அடுத்த பெரிய அடியை 1929இல் இத்தாலியில் அட்டிலியோ காலிமானியும் ஜூலியோ மொனேட்டாவும் எடுத்து வைத்தார்கள். 1958இல் ஃபலியேரோ பொண்டானினி என்பவர் மேலும் திருத்திக் காப்புரிமை வாங்கினார். அவருடைய வடிவம்தான் பிரான்சில் பெருமளவில் தயாராகி வீடுகளுக்குள் நுழைந்தது.

நூறு ஆண்டுகளாக நடந்த இந்தத் திருத்தங்களில் பெரும்பகுதி சல்லடையைச் சுற்றியே நடந்தது. ஜாடியின் சுவரோடு அது ஒட்டி இறங்க வேண்டும், இடுக்கு வழியாகச் சக்கை மேலே ஏறிவிடக் கூடாது. அதாவது காபியையும் சக்கையையும் பிரிக்கும் வேலை. காபி உண்டாவதோ அதற்கு முன்பே, சல்லடை மேலே சும்மா நிற்கும் அந்த நிமிடங்களில். தண்டை அமுக்கும் கட்டத்தில் சமையல் முடிந்துவிட்டது, வடிப்பதுதான் பாக்கி. ஓங்கி அமுக்கினால் திக்காகும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

பொடிக்குள் இருப்பது

வறுத்த காபிக்கொட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம்தான் நீரில் கரையக்கூடியது. மற்ற 70 சதவீதம் பெரும்பாலும் செல்சுவர்களின் நார். என்ன செய்தாலும் அது சக்கையாகத்தான் மிஞ்சும். கரையும் 30 சதவீதத்துக்குள்தான் எல்லாம் இருக்கிறது: காபீன், பலவகை அமிலங்கள், வறுக்கும்போது உண்டான பழுப்பு நிறப் பொருட்கள், கசப்பு, மணம்.

இந்தப் பொருட்கள் நீருக்குள் வந்து சேர்வதைச் 'சாறிறக்கம்' என்று அழைப்போம். பொடியின் எடையில் எத்தனை சதவீதம் நீருக்கு வந்தது என்பதே அதன் அளவு. 'திடம்' என்பது வேறு. கோப்பையில் இருக்கும் காபியை எடுத்து, அதில் எத்தனை சதவீதம் கரைந்த பொருள், எத்தனை சதவீதம் நீர் என்று பார்ப்பது அது. திக்கான காபி என்றால் திடம் கூடிய காபி. சாறிறக்கம் பொடியைப் பற்றிய கணக்கு, திடம் கோப்பையைப் பற்றிய கணக்கு. பிரெஞ்சு பிரஸ் பற்றிய குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

1950களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த இரண்டு அளவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் காட்டினார். சாறிறக்கம் 18 முதல் 22 சதவீதத்துக்குள் இருந்தால் சுவை பொருந்தி வரும். குறைந்தால் சுவை முழுமை பெறாமல் புளிப்பு தூக்கி நிற்கும், மிஞ்சினால் கசப்பு ஏறும். அந்த வரைபடத்தில் நல்ல காபியின் திடம் 1.15 முதல் 1.35 சதவீதம் வரை. பால் சேர்க்காமல் குடிக்கும் அமெரிக்கக் காபிக்கான கணக்கு அது. நல்ல கறுப்புக் காபியிலும் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீர்தான் என்பதைக் கவனியுங்கள். மீதி ஒன்றேகால் பங்கில்தான் அத்தனை சுவையும் மணமும்.

மண்டபமும் முற்றமும்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காபிக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே வேதிப் பொறியியல் பேராசிரியர் வில்லியம் ரிஸ்டன்பார்ட்டின் குழு, பொடியை நீரில் முழுக்க ஊறவைத்துக் காபி போடும் முறையை எடுத்து அளந்து பார்த்து, முடிவுகளை 2021இல் வெளியிட்டது. பொடியின் அளவை மாற்றினார்கள், நீரின் அளவை மாற்றினார்கள், அரைப்பை மாற்றினார்கள், வறுப்பை மாற்றினார்கள். நீரின் வெப்பத்தை 80 டிகிரி செல்சியஸ் முதல் 99 வரை மாற்றினார்கள். போதிய நேரம் ஊறிய பிறகு சாறிறக்கம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது: 21 சதவீதம்.

கரையக்கூடியது 30, இறங்கியது 21. பத்தில் ஏழு பங்கு வெளியே வந்துவிட்டது, மூன்று பங்கு உள்ளேயே நின்றுவிட்டது. அவர்கள் தந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளலாம். நூறு பேர் உள்ளே இருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் முற்றத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். தொடக்கத்தில் எல்லாரும் வெளியேதான் போகிறார்கள். முற்றத்தில் ஆள் சேரச் சேர, உள்ளே திரும்புகிறவர்களும் கூடுகிறார்கள். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு ஐந்து பேர் வெளியே வந்தால் ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். நடமாட்டம் நிற்கவில்லை. ஆனால் முற்றத்தில் எப்போது எண்ணினாலும் எழுபது பேர், உள்ளே முப்பது பேர். இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

காபித் துகளிலிருந்து விடுபட்டு நீருக்கு வரும் மூலக்கூறுகளும், நீரிலிருந்து மறுபடி துகளில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றன. இதற்குப் பெயர் சமநிலை. கால் மணி நேரம் ஊறவைத்தும் காபி திக்காகாததன் காரணம் இதுதான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. லாக்ஹார்ட் சுவைக்குப் பொருத்தம் என்று குறித்த எல்லை 18 முதல் 22. ஊறல் முறை தானாகவே வந்து நிற்கும் இடம் 21. யாரும் அளந்து நிறுத்தாமலே இந்த ஜாடி சரியான இடத்தில் நின்றுகொள்கிறது. எஸ்பிரஸோ இயந்திரத்தில் சில விநாடி பிசகினாலும் சுவை மாறிவிடும். இங்கே ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய கேடு இல்லை. வீட்டில் காபி போடப் பழகுகிறவருக்கு இதைவிடப் பொறுமையான கருவி கிடைப்பது அரிது.

ஒரு ஜாடியின் கணக்கு

இனி ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். அரை லிட்டர் ஜாடி, 500 கிராம் கொதிநீர், 30 கிராம் பொடி.

பொடியில் கரையக்கூடியது 30 சதவீதம், அதாவது 9 கிராம். அதில் இறங்குவது 21 சதவீதத்துக்கு உரிய 6.3 கிராம். 500 கிராம் நீரில் 6.3 கிராம் கரைந்திருந்தால் திடம் ஏறத்தாழ 1.25 சதவீதம். லாக்ஹார்ட் குறித்த எல்லைக்கு நடுவில் விழுகிறது. கறுப்புக் காபியாகக் குடித்தால் அருமையாக இருக்கும்.

ஆனால் ஜாடியில் ஊற்றிய நீர் முழுவதும் கோப்பைக்கு வராது. ஊறிய சக்கை தன் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 கிராம் பொடி 60 கிராம் நீரைக் குடித்துவிடுகிறது. கோப்பைகளுக்குக் கிடைப்பது 440 மில்லி சொச்சம். சக்கையோடு தங்கும் அந்த 60 கிராமும் வெறும் நீரல்ல, அதே திடமுள்ள காபிதான். முக்கால் கிராம் சாறு அதோடு போகிறது.

இப்போது பாலுக்கு வருவோம். இந்தக் காபியோடு சம அளவு பால் சேர்த்தால் காபியின் திடம் பாதியாகி 0.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நாக்கு 'தண்ணி' என்று சொன்னது இதைத்தான். அந்தத் தீர்ப்பு நியாயமானது. அதற்கு வழங்கிய வைத்தியம்தான் தவறு. நான்கு நிமிடத்தை எட்டாக்கினாலும் 6.3 கிராம் பெரிதாக ஏறாது. பொடியை இரண்டு மடங்காக்கினால்? 500 கிராம் நீருக்கு 60 கிராம் பொடி. சாறிறக்கம் அதே 21 சதவீதம்தான், ஆனால் இப்போது அது 12.6 கிராம். திடம் 2.5 சதவீதத்தை நெருங்குகிறது. சம அளவு பால் சேர்த்த பிறகும் 1.2 சதவீதம் நிற்கும். அதாவது கறுப்புக் காபியில் இருந்த அதே காபித்தன்மை பால் காபியிலும் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் பார்த்துவிடலாம். சிக்கனம் என்று 15 கிராம் போட்டால் திடம் 0.63 சதவீதம். எத்தனை நேரம் ஊறினாலும் அதற்குமேல் ஏறாது.

டேவிஸ் ஆய்வாளர்களின் முடிவும் இதுவே. ஊறல் முறையில் பொடிக்கும் நீருக்கும் உள்ள விகிதம்தான் திடத்தை ஆள்கிறது. வேறெதைத் திருப்பினாலும் அது பெரிதாக அசையாது. ஆகவே கரண்டிக் கணக்கை நம்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். கரண்டியில் குவித்து எடுப்பதற்கும் தட்டி எடுப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். கருக வறுத்த கொட்டை உப்பி இலேசாகிவிடுவதால், அதே கரண்டி நிறைய எடுத்தாலும் எடை குறைவாகத்தான் இருக்கும். கிராமில் காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்று போதும். விலை உயர்ந்த ஜாடியைவிட அதற்குச் செலவிடும் பணம் காபியை அதிகம் மாற்றும்.

பில்டர் எங்கே வேறுபடுகிறது

அப்படியானால் நம் பில்டரில் மட்டும் டிகாஷன் எப்படி அவ்வளவு கெட்டியாக இறங்குகிறது? முதல் காரணம் அதே விகிதம்தான். பில்டரில் நாம் போடும் பொடிக்கு ஊற்றும் நீர் மிகக் குறைவு. 40 கிராம் பொடிக்கு 200 மில்லி நீர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ஐந்து. பிரஸ்ஸில் போட்டது ஒன்றுக்கு பதினாறு, பதினேழு.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. பில்டரில் நீர் தேங்கி நிற்பதில்லை, பொடியின் ஊடே சொட்டுச் சொட்டாக வடிந்து கீழே போய்விடுகிறது. அந்த மண்டபத்து முற்றத்தில் பேருந்து வந்து நின்று, வெளியே வந்தவர்களை அவ்வப்போது ஏற்றிக்கொண்டு போய்விட்டால் எப்படி இருக்கும்? உள்ளே திரும்ப ஆளே இருக்காது. மண்டபம் காலியாகிக்கொண்டே போகும். வடியல் முறையில் சமநிலை கூடிவர வாய்ப்பே கிடைப்பதில்லை.

அதே 40 கிராமையும் 200 மில்லியையும் பிரஸ்ஸில் போட்டுப் பார்த்தால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். 8.4 கிராம் சாறு இறங்கும், திடம் 4 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சக்கை 80 மில்லியைப் பிடித்துக்கொள்ளும், அதோடு மூன்று கிராமுக்கு மேல் சாறும் போய்விடும். இறங்கிய சாற்றில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குப்பைக்கு. பில்டரில் பின்னால் இறங்கும் நீர் முன்னால் ஊறிய கெட்டிச் சாற்றைத் தள்ளிவிட்டுத் தான் சக்கையில் தங்குகிறது. ஆகவே கடைசியில் சக்கையில் நிற்பது மெல்லிய சாறு. சிறிதளவு நீரில் கெட்டியான டிகாஷன் வேண்டும் என்றால் பில்டர்தான் பொருத்தமான கருவி. இதில் பிரஸ் அதற்கு ஈடாகாது.

சிக்கரியையும் சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் விற்கும் பில்டர் காபிப் பொடியில் சிக்கரி சேர்ந்திருப்பது சாதாரணம். அத்தகைய கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. வறுத்த சிக்கரி வேர் காபியைக் காட்டிலும் மிக அதிகமாக நீரில் கரையும். டிகாஷனின் கருமையிலும் குழைவிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சிக்கரி கலவாத பொடியைப் பிரஸ்ஸில் போட்டு அந்தக் கருமையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அரைப்பும் நேரமும்

விகிதம்தான் திடத்தை ஆள்கிறது என்றால் அரைப்புக்கும் நேரத்துக்கும் என்ன வேலை? சமநிலை எங்கே என்பதை அவை மாற்றுவதில்லை. எவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்வோம் என்பதை மாற்றுகின்றன.

ரவை அளவுள்ள ஒரு காபித் துகளுக்குள் ஆயிரக்கணக்கான செல்கள் அடுக்கியிருக்கின்றன. அரைக்கும்போது உடைவது மேற்பரப்பில் உள்ள செல்கள் மட்டுமே. அவற்றில் இருப்பது நீர் பட்டதும் வெளியே வந்துவிடும். நடுவில் இருப்பது வெளியே வர, நீர் முதலில் உள்ளே நுழைய வேண்டும், பிறகு சாறு செல்சுவர்களின் நுண்துளைகள் வழியே ஊர்ந்து வர வேண்டும். இந்த ஊர்தலுக்கு ஒரு விதி உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அரை மில்லிமீட்டர் துகளுக்கு ஒரு நிமிடம் போதும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் துகளுக்கு நான்கு நிமிடம் வேண்டும். கொரகொரப்பான பொடிக்கு நான்கு நிமிடத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். சாறிறக்கத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் நைசாக அரைத்துச் சீக்கிரம் முடிக்கலாமே? முடிக்கலாம், ஆனால் சல்லடை தாங்காது. நைசான பொடி சல்லடைக் கண்களை அடைத்துத் தண்டை இறங்கவிடாமல் செய்யும், மிச்சம் கண்களைத் தாண்டிக் கோப்பையில் வண்டலாக வந்து சேரும். ஆகவே பிரஸ்ஸுக்குப் பம்பாய் ரவை பதத்தில் அரைத்த பொடிதான் ஏற்றது. காபிக் கொட்டையை நம் கண்முன்னே அரைத்துத் தரும் கடை தெருவில் இருந்தால், சிக்கரி சேர்க்காமல் கொரகொரவென்று அரைத்துத் தரச் சொல்லுங்கள். பில்டருக்கு அரைத்த பொடி இதற்கு ஆகாது.

எவ்வளவு கொரகொரப்பாக அரைத்தாலும் கொஞ்சம் தூசித் துகள் வரத்தான் செய்யும், கொட்டை நொறுங்கும் விதம் அப்படி. அதைச் சமாளிக்கப் பொறுமை உதவும். நீரில் மிதக்கும் ஒரு துகள் அடியில் படிய ஆகும் நேரம் அதன் அளவைப் பொறுத்தது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு நூறு மடங்கு நேரம் வேண்டும். பெரிய துகள்கள் விநாடிகளில் படிந்துவிடும், தூசி நிமிடக்கணக்கில் மிதக்கும். 2007இல் உலக பரிஸ்டா பட்டம் வென்ற பிரிட்டனின் ஜேம்ஸ் ஹாஃப்மன் பரப்பிய முறை இந்தப் பௌதிகத்தைத்தான் பயன்படுத்துகிறது. நான்கு நிமிடம் ஊறட்டும். மேலே ஏடுபோல் திரண்டிருக்கும் பொடியைக் கரண்டியால் கலக்கி விடுங்கள், பெரும்பகுதி கீழே அமிழும். மேலே மிஞ்சும் நுரையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் சும்மா விடுங்கள். சல்லடையைக் காபியின் மேல்மட்டம் வரை மட்டும் இறக்கி, மெல்லச் சரித்து ஊற்றுங்கள். அடி வரை அமுக்கினால் படிந்த தூசி மறுபடி கிளம்பிவிடும்.

ஒன்பது நிமிடம் என்றால் கசந்துவிடாதா என்று பலரும் அஞ்சுகிறார்கள். சமநிலையை அறிந்தவருக்கு அந்த அச்சம் வேண்டாம். சாறிறக்கம் ஏற்கெனவே தன் எல்லையை நெருங்கிவிட்டது, அதன்பின் மெல்லத்தான் ஏறும். நேரம் மிக நீண்டால் கெடுவது வேறு: மணம் ஆவியாகிப் போகும், சூடு இறங்கும். ஊறிய காபியை ஃபிளாஸ்க்கில் மணிக்கணக்கில் சூடாக வைத்திருந்தால் அதில் உள்ள சில சேர்மங்கள் நீரோடு வினைபுரிந்து அமிலங்களாக மாறிப் புளிப்பேறும்.

அந்த மேலேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் கரியமில வாயு அதன் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும். ஒரு கிலோ கொட்டைக்குச் சில லிட்டர் வாயு தேறும். கொதிநீர் பட்டதும் அது குமிழ்விட்டுக் கிளம்பிப் பொடியை மேலே தூக்குகிறது. பொடி நன்றாகப் பொங்கினால் அது புதியது என்று அறியலாம். நீர் ஊற்றியும் அசையாமல் கிடந்தால் வாயு எப்போதோ போய்விட்டது, வாயுவோடு மணமும் போயிருக்கும்.

கொதிநீர் பொடியைக் கருக்குமா?

கருக்காது. அந்தக் கொட்டை 200 டிகிரிக்கு மேல் வறுபட்டு வந்தது, 100 டிகிரி நீருக்கு அதில் கருக்க ஒன்றும் இல்லை. நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்து ஊற்றும் சிரமம் இந்தக் கருவிக்குத் தேவையில்லை. 80 முதல் 99 டிகிரி வரை கடைசித் திடம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று டேவிஸ் அளவீடுகள் காட்டிவிட்டன. உதகமண்டலத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே இருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். சூடான நீரில் சாறு வேகமாக இறங்கும் என்பதால் கொதிக்கும் நீரையே ஊற்றுவது நல்லது. கண்ணாடி ஜாடியானால் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக்கொண்டால் காபியும் சீக்கிரம் ஆறாது.

மூன்றே கால் கிலோ

தண்டை எவ்வளவு அழுத்தத்தில் அமுக்க வேண்டும் என்பதைக்கூட அளந்திருக்கிறார்கள். 2021இல் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபேபியன் வாட்ஸ்வொர்த்தும் உடன் பணியாற்றியவர்களும் இதையே ஓர் ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். ஒரு லிட்டர் ஜாடியில் 54 கிராம் பொடி போட்டு, 50 விநாடிகளில் மெல்ல அமுக்கி முடிக்கத் தேவைப்படும் உச்ச விசை 32 நியூட்டன். மூன்றே கால் கிலோ எடையைத் தண்டின் மேல் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு.

இந்த எண்ணை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கையின் எடையோடு கொஞ்சம் சேர்த்தால் போதும். அதற்கு மேல் பலம் வேண்டியிருந்தால் சல்லடை அடைத்துக்கொண்டது என்று பொருள். அந்த நிலையில் ஓங்கி அமுக்கினால் கொதிநீரும் சக்கையும் விளிம்பைத் தாண்டிக் கையிலும் மேலிலும் பீய்ச்சி அடிக்கும், கண்ணாடி உடையவும் கூடும். தண்டை ஒரு விரற்கடை மேலே இழுத்துச் சற்று நேரம் விட்டு, மறுபடி மெல்ல இறக்குங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சல்லடையில் நிற்காதது

உலோகச் சல்லடை சக்கையை நிறுத்தும், எண்ணெயை நிறுத்தாது. காபிக்கொட்டையில் கொழுப்பு உண்டு. பிரஸ் காபியை வாயில் வைத்ததும் தெரியும் அந்தக் கனத்துக்கும் வழவழப்புக்கும் அந்த எண்ணெயும் மிதக்கும் நுண்துகள்களும்தான் காரணம். இந்தக் கருவியை விரும்புகிறவர்கள் பலரும் அதற்காகவே விரும்புகிறார்கள்.

ஆனால் அந்த எண்ணெயோடு கஃபெஸ்டால், கஹ்வியால் என்ற இரண்டு பொருட்களும் வருகின்றன. இவை இரத்தத்தில் கொலஸ்ட்ராலை, குறிப்பாகக் கெட்டது என்று மருத்துவர்கள் சொல்லும் எல்.டி.எல். வகையை, உயர்த்துகின்றன. காபியை வடிகட்டாமல் கொதிக்கவைத்துக் குடிக்கும் ஸ்காண்டிநேவிய நாடுகளில் முதலில் கவனத்துக்கு வந்த விஷயம் இது. 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைத் துருவி ஆராய்ந்தார்கள். 1996இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் உடல்நலம் உள்ளவர்கள் 24 வாரங்கள் நாள்தோறும் 0.9 லிட்டர் கெட்டியான காபி குடித்தார்கள். காகிதத்தில் வடித்த காபி குடித்தவர்களைவிடப் பிரெஞ்சு பிரஸ் காபி குடித்தவர்களுக்கு எல்.டி.எல். கூடியது. குடிப்பதை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது.

நாளொன்றுக்கு 0.9 லிட்டர் என்பது சாதாரண அளவு அல்ல. ஒரு வேளை, இரண்டு வேளை குடிக்கும் உடல்நலமுள்ளவர் இதைக் கேட்டு ஜாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் கொலஸ்ட்ராலுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள் பிரஸ் காபியை அன்றாடப் பழக்கமாக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விட மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு: ஜாடியிலிருந்து ஊற்றும் காபியைக் காகித வடிகட்டி வழியாக ஒருமுறை வடித்துவிட்டுக் குடியுங்கள். கஃபெஸ்டாலின் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிவிடும்.